புல் வண்டி கிளம்பவில்லையா? சாவியைத் திருப்பிவிட்டுக் காதைக் கொடுங்கள்

ஓஹையோவில் நவம்பரில் கராஜுக்குள் தள்ளிய, உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் வண்டியை ஏப்ரல் நடுவில்தான் வெளியே எடுப்போம். அதற்குள் நாலு மழை பெய்து புல் கணுக்காலைத் தாண்டியிருக்கும். வாரம் முழுக்கத் தூறிவிட்டு ஒரே ஒரு சனிக்கிழமை வெயில் அடிக்கும். அன்றைக்குப் பார்த்து வண்டி கிளம்பாது.

இரண்டு வருடம் முன்பு எனக்கு அப்படித்தான் ஆனது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் அரைச் சுற்று சுற்றி, முக்கிவிட்டு நின்றது. பேட்டரி போய்விட்டது என்று புதுசு வாங்கிப் போட்டேன். அதே முக்கல். அப்படியானால் செல்ஃப் மோட்டார்தான் என்று அதையும் வாங்கி மாட்டினேன். அதே முக்கல். கடைசியில் கோளாறு வேறொரு இடத்தில் இருந்தது. அதைச் சரிசெய்ய ஒரு உதிரிபாகம்கூடத் தேவைப்படவில்லை. அந்தக் கதை கீழே வருகிறது. அன்றிலிருந்து, சோதிக்காமல் எதையும் வாங்குவதில்லை.

இங்கே சொல்வதெல்லாம் கார் மாதிரி ஸ்டியரிங் வைத்த, முன்னால் ஒற்றை சிலிண்டர் இன்ஜினும், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரும் உள்ள சாதாரண ரைடிங் மோவருக்கு. ஒரு மல்டிமீட்டர், பிளக் கழற்றும் ஸ்பேனர், பொறி வருகிறதா என்று காட்டும் ஒரு ஸ்பார்க் டெஸ்டர், ஒரு கம்பி பிரஷ், உப்புத்தாள், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜ், கார்ப் கிளீனர், சாதாரண ஸ்பேனர்கள் இருந்தால் போதும்.

தொடங்கும் முன்: வண்டியைச் சமதளத்தில், வெளியே, பார்க்கிங் பிரேக் போட்டு நிறுத்துங்கள். கராஜை மூடிக்கொண்டு இன்ஜினை ஓட்டவே கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பிளேடு பக்கம் கை போவதாக இருந்தால் சாவியை எடுத்துவிட்டுப் பிளக் வயரையும் கழற்றிவிடுங்கள். செல்ஃபை ஒரு தடவைக்கு 5 விநாடிக்கு மேல் அழுத்தாதீர்கள், அடுத்த முயற்சிக்கு ஒரு நிமிடம் ஆறட்டும்.

இப்போது சாவியைத் திருப்புங்கள். என்ன கேட்கிறது?

சத்தமே இல்லை

முதலில் வெட்கப்படாமல் இதைப் பாருங்கள்: பிரேக் பெடலை முழுசாக மிதித்தீர்களா, பிளேடு லீவர் ஆஃப் நிலையில் இருக்கிறதா, சீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்களா? இந்த மூன்று இடத்திலும் ஒவ்வொரு பாதுகாப்பு சுவிட்ச் உண்டு. பெடலும் லீவரும் சரியாக இல்லாவிட்டால் செல்ஃபுக்கு மின்சாரமே போகாது. சில வண்டிகளில் சீட்டும் இந்தக் கணக்கில் சேரும். பெடலடியில் காய்ந்த புல் அடைத்துக்கொண்டு சுவிட்ச் முழுசாக அமுங்காமல் நிற்பது சகஜம். கையால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி மிதித்துப் பாருங்கள். சுவிட்சை நிரந்தரமாக வயர் போட்டு இணைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஆள் சீட்டிலிருந்து விழுந்தால் பிளேடை நிறுத்துவது அதுதான்.

அடுத்தது ஃபியூஸ். பேட்டரி பக்கத்திலோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும், பெரும்பாலும் மஞ்சள் நிற 20 ஆம்பியர். உள்ளே இருக்கும் கம்பி அறுந்திருந்தால் மாற்றுங்கள். மாற்றியதும் மறுபடி போனால் எங்கேயோ வயர் தோல் உரிந்து இரும்பில் தொடுகிறது என்று அர்த்தம். குளிர்காலம் முழுக்க வண்டிக்குள் குடியிருந்த எலியை முதலில் சந்தேகப்படுங்கள்.

பிறகு பேட்டரி. மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து இரண்டு முனையிலும் தொட்டுப் பாருங்கள். 12.6 இருந்தால் முழு சார்ஜ். 12.2 பாதி. 12-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நிற்கும்போது 12.6 காட்டிவிட்டு வேலை என்று வந்தால் படுத்துக்கொள்ளும் பேட்டரிகள் உண்டு. அதனால் இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். 9.5-க்குக் கீழே சரிந்தால் முதலில் சார்ஜ் போடுங்கள், அதற்குப் பிறகும் சரிந்தால் பேட்டரியை மாற்றுங்கள்.

டக் என்கிறது, சுற்றவில்லை

டகடகடக என்று விடாமல் அடித்தால் பேட்டரி பலவீனம், அல்லது முனைகள் லூஸ். ஒரே ஒரு டக் என்றால், பேட்டரி கரண்டை மோட்டாருக்கு விடும் மின் சுவிட்சான சாலினாய்டு வேலை செய்கிறது, ஆனால் கரண்ட் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். கறுப்பு வயரின் மறுமுனையை யாரும் பார்ப்பதே இல்லை. அது சேஸிஸில் போல்ட் போட்டிருக்கும் இடத்தில் துரு ஏறியிருந்தால் எர்த் கிடைக்காது. கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, மறுபடி முடுக்குங்கள்.

இன்னும் சுற்றவில்லையா? மீட்டரின் சிவப்பு முனையைச் செல்ஃப் மோட்டாரின் போல்ட்டில், கறுப்பை இன்ஜின் இரும்பில் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 12 வோல்ட்டை ஒட்டி வந்தும் மோட்டார் அசையவில்லையென்றால் மோட்டார் கோளாறு. வோல்ட் வரவில்லையென்றால் சாலினாய்டு அல்லது வயர். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க விடும் வித்தை மெக்கானிக்குகளுக்குச் சரி. மேலே பெட்ரோல் டேங்க் இருக்கும் இடத்தில் நமக்கு வேண்டாம்.

அரைச் சுற்று சுற்றி முக்கி நிற்கிறது

இதுதான் என் பணத்தைத் தின்ற சத்தம்.

முதலில் ஆயில் குச்சியை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனையும் அளவு மேலேயும் இருந்தால், கார்புரேட்டரில் பெட்ரோலை நிறுத்தும் ஊசி அடைக்காமல் பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கிறது. திரவத்தை பிஸ்டனால் அழுத்த முடியாது. விடாமல் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றி பெட்ரோலை வெளியேற்றி, ஊசியைச் சரிசெய்து, ஆயிலை மாற்றிய பிறகுதான் சாவி.

ஆயில் சரியாக இருந்தால் வால்வு இடைவெளியைப் பாருங்கள். இந்த இன்ஜின்களில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டில் ஒரு சின்ன மேடு உண்டு. செல்ஃப் சுற்றும் வேகத்தில் அது ஒரு வால்வை மயிரிழை திறந்து வைத்துக் கொஞ்சம் காற்றை வெளியே விடும். அதனால்தான் இத்தனூண்டு மோட்டாரால் இவ்வளவு பெரிய பிஸ்டனைத் தள்ள முடிகிறது. நாளாக ஆக வால்வு இடைவெளி அதிகமாகும். அந்த மேடு வால்வைத் தொடாது, காற்று வெளியேறாது, மோட்டார் முழு அழுத்தத்தோடு மல்லுக்கட்டித் தோற்கும். நாம் பேட்டரி வாங்கக் கடைக்கு ஓடுவோம்.

சரிசெய்யும் விதம்: பிளக்கைக் கழற்றுங்கள். நாலு போல்ட்டைக் கழற்றி வால்வு மூடியை எடுங்கள். இன்ஜின் மேலே சுழலும் வலையைக் கையால் கடிகாரச் சுற்றில் திருப்புங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்க, பிளக் ஓட்டையில் விட்ட ஸ்ட்ரா உச்சிக்கு வந்து, பிறகு கால் அங்குலம் கீழே இறங்கும் இடத்தில் நிறுத்துங்கள். வால்வு தண்டுக்கும் அதை அழுத்தும் கையான ராக்கருக்கும் நடுவே ஃபீலர் கேஜ் தகட்டை விடுங்கள். என் இன்ஜினுக்கு உள்வாங்கும் வால்வு 0.003 முதல் 0.005 அங்குலம், புகை வால்வு 0.005 முதல் 0.007. உங்களுடையதற்கு இன்ஜின் மேல் பொறித்திருக்கும் மாடல் எண்ணை வைத்து மேனுவலில் பாருங்கள். எனக்கு 0.012 தகடே தாராளமாக உள்ளே போய் வந்தது. நட்டைத் தளர்த்தித் திருகி, தகடு லேசாக இழுபடும் பதத்தில் முடுக்கினேன். பிளக்கை மாட்டிச் சாவியைத் திருப்பினால் இன்ஜின் பம்பரமாகச் சுற்றியது. நல்ல நிலையில் இருந்த பழைய செல்ஃப் மோட்டார் இன்னும் அலமாரியில் கிடக்கிறது.

நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை

சோக்கைப் போட்டீர்களா? லீவரை இழுத்தால் மட்டும் போதாது. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டர் வாயில் உள்ள தகடு நிஜமாகவே மூடுகிறதா என்று கண்ணால் பாருங்கள். கேபிள் நழுவியிருந்தால் மூடாது. ஃபில்டர் பெட்டிக்குள் எலிக்கூடு இருந்தால் அதையும் இப்போதே பார்த்துவிடுவீர்கள்.

சோக் போட்டு 5 விநாடி சுற்றிவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி வரவில்லை.

காய்ந்திருந்தால்: டேங்க் அடியில் உள்ள குழாய் திறந்திருக்கிறதா, பெட்ரோல் ஃபில்டரில் அம்புக்குறி கார்புரேட்டர் பக்கம் பார்க்கிறதா என்று பாருங்கள். கார்புரேட்டருக்கு வரும் டியூபை உருவி ஒரு பாட்டிலில் விட்டுச் சுற்றினால் பெட்ரோல் விட்டு விட்டுப் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால் கோளாறு கார்புரேட்டருக்குள். பல வண்டிகளில் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில், பெட்ரோல் வழியைத் திறக்கும் இன்னொரு சாலினாய்டு இருக்கும். சாவியை ஆன் வரை திருப்பினால் டிக் என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் பெட்ரோல் வழி திறக்கவில்லை. அது சரியென்றால் அடியில் உள்ள ஒற்றை போல்ட்டைக் கழற்றிக் கிண்ணத்தை இறக்குங்கள். நவம்பரில் விட்ட பெட்ரோல் வார்னிஷ் நாற்றத்தோடு பிசினாக ஒட்டியிருக்கும். அமெரிக்க பங்க்குகளில் விற்கும் பெட்ரோலில் பொதுவாக 10 சதவீதம் வரை எத்தனால்; அது ஈரத்தை இழுக்கும். பெட்ரோல் போகும் ஜெட்டின் ஊசிமுனை ஓட்டையை கார்ப் கிளீனர் அடித்து, மெல்லிய செம்புக் கம்பி இழையால் மெதுவாகக் குத்தி, வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். புது பெட்ரோல் ஊற்றுங்கள், ஆனால் 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் உள்ளதை இந்த இன்ஜினில் ஊற்றக் கூடாது.

ஈரமாக இருந்தால்: பிளக்கைத் துடைத்து, இடைவெளியை 0.030 அங்குலமாக வையுங்கள். பல மோவர் இன்ஜின்களுக்கு அதுதான் அளவு. ஊரில் டிவிஎஸ் 50 வைத்திருந்தவர்களுக்கு இந்த வேலையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பிறகு ஸ்பார்க் டெஸ்டரை மாட்டிச் சுற்றுங்கள். பொறி இல்லையென்றால், பொறியை உண்டாக்கும் காயிலிலிருந்து போகும் மெல்லிய கறுப்பு வயரைக் கழற்றிவிட்டு இன்னொரு தரம் பாருங்கள். இப்போது பொறி வந்தால் காயில் நல்லது, ஏதோ ஒரு சுவிட்சோ வயரோதான் எர்த் ஆகிறது. அந்த வயர் இல்லாமல் சாவியை ஆஃப் செய்தாலும் இன்ஜின் நிற்காது, ஆகவே சோதித்ததும் திரும்ப மாட்டிவிடுங்கள். அப்போதும் பொறி வராவிட்டால் காயிலை மாற்ற வேண்டும்.

பொறியும் பெட்ரோலும் இருந்தும் டப்பென்று உதைத்துக்கொண்டு கிளம்ப மறுத்தால், போன வருடம் மரக்கட்டையில் பிளேடை மோதினீர்களா என்று யோசியுங்கள். ஃப்ளைவீல் என்ற கனமான சுழல் சக்கரத்தைப் பிடித்திருக்கும் சின்ன சாவித்துண்டு நறுக்குண்டிருக்கலாம். சக்கரத்தைக் கழற்ற புல்லர் என்ற இழுப்புக் கருவி வேண்டும், அங்கே நான் மெக்கானிக்கைக் கூப்பிடுவேன்.

கிளம்பியதும் உடனே பிளேடைப் போடாதீர்கள். ஐந்து நிமிடம் சும்மா ஓடட்டும். பிறகு நிறுத்தி, குனிந்து கார்புரேட்டர் கிண்ணத்தின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் தட்டினால் கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை. இறக்கி மாட்டிவிட்டுத்தான் புல்லுக்குள் போக வேண்டும்.