டிராக்குக்கென்று கட்டிய ரோட்ஸ்டரை விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு ஷெட்டில் நிற்கும் பழைய ஸ்விஃப்ட் காரை விற்க வேண்டுமென்றால், அதற்கு ஊரறிந்த விலை உண்டு, ஆர்.சி. புத்தகம் உண்டு, ஒரு போன் செய்தால் மாலைக்குள் வந்து பார்க்கும் தரகர்களும் உண்டு. அதே ஷெட்டில், உரிமையாளரே பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டி, டிராக் டேக்களில், அதாவது பந்தயத் தடத்தில் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்க விடும் நாள்களில், ஓட்டுவதற்குத் தயார் செய்த இரண்டு இருக்கை ரோட்ஸ்டர் (கூரையில்லாத கார்) நின்றால் இவற்றில் ஒன்றும் கிடையாது. 1957-இல் வந்த லோட்டஸ் செவன் என்ற பிரிட்டிஷ் காரின் வழியில், ஒரு அங்குலச் சதுரக் குழாய்களை வெல்டிங் செய்து சட்டகம் அமைத்து, அலுமினியத் தகடு போர்த்தி, ஜிப்ஸியின் 1,298 சி.சி. எஞ்சினையோ அதைப் போன்ற வேறொன்றையோ பொருத்திய இத்தகைய வண்டி, எல்லாம் சேர்ந்து ஐந்நூறு, அறுநூறு கிலோதான் இருக்கும். அதை வாங்கக்கூடியவர் பெரும்பாலும் சென்னையிலோ கோவையிலோ பெங்களூருவிலோ இருப்பார். முன்பின் தெரியாத ஒருவர் செய்த வெல்டிங்கை நம்பி, அதில் உட்கார்ந்து முழு வேகத்தில் வளைவுக்குள் நுழையப் போகிறவர் அவர். அந்த நம்பிக்கைக்கு வேண்டிய சான்றுகளைத் திரட்டாமல், வண்டியைப் பளபளப்பாக்குவதிலேயே நேரத்தைச் செலவிடுவதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

இருப்பதில் மிக ஆபத்தான தவறு, வண்டியைச் சாலையிலும் ஓட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி விற்பது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆவது பிரிவின்படி, பதிவு செய்யப்படாத வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. பதிவு கிடைக்க வேண்டுமென்றால், மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-ஆவது விதிப்படி அந்த வண்டியின் மாடல், அரசு அங்கீகரித்த சோதனை நிலையம் ஒன்றில் தேறியிருக்க வேண்டும். தொழிற்சாலைகளை மனத்தில் வைத்து ஏற்படுத்திய இந்த வழி, தன் ஷெட்டில் ஒரே ஒரு வண்டியைக் கட்டிய தனிநபருக்கு நடைமுறையில் அடைபட்ட வழிதான். பிரிட்டனில் தனியொரு வண்டிக்கென்றே ஐ.வி.ஏ. என்ற சோதனை இருப்பதால், அங்குள்ள விளம்பரங்களில் ‘சாலைக்கும் ஏற்றது’ என்ற வரியை அடிக்கடி பார்க்கலாம். அந்த வரியைப் பார்த்து இங்கே எழுதுகிறவர், வாங்குபவரின் கையில் நாளை ஒரு வழக்கை ஒப்படைக்கிறார். விளம்பரத்தின் முதல் வரியிலேயே ‘பந்தயத் தடத்துக்கு மட்டும், சாலைப் பதிவு இல்லை’ என்று எழுதிவிட்டால், பாதிப் பேர் விலகிப் போவார்கள். அவர்கள் எப்படியும் வாங்கப் போகிறவர்கள் அல்லர்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, எஞ்சினும் கியர்பாக்ஸும் கொடுத்த பழைய காரின் காகிதங்களைப் பற்றியது. அந்தக் காரின் சேஸிஸ் எண் பட்டையைக் கழற்றிப் புதுச் சட்டகத்தில் ரிவெட் அடித்து, பழைய ஆர்.சி.-யோடு சேர்த்து விற்கும் யோசனையைச் சில மெக்கானிக்குகள் மிகச் சாதாரணமாகச் சொல்வார்கள். அது தெளிவான மோசடி. வாகனத்தில் செய்யும் மாற்றங்களைப் பற்றிய 52-ஆவது பிரிவை, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பிலிருந்து விலகக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கண்டிப்பாகப் பொருள்கொண்ட பிறகு, ஒரு ஜிப்ஸியின் ஆர்.சி.-யை வைத்துக்கொண்டு கதவில்லாத இரண்டு இருக்கை வண்டியைக் காட்டி ‘சிறு மாற்றம்தான்’ என்று வாதாட இடமே இல்லை. செய்ய வேண்டியது எளிது: பிரித்தெடுத்த காரை இனி ஓட்டவே முடியாது என்ற நிலையில் 55-ஆவது பிரிவின்கீழ் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, ஆர்.சி.-யை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்துகொள்வது. அந்த ரத்துக் கடிதமும், எஞ்சின் எண் குறிப்பிட்ட பில்லும் கோப்பில் இருந்தால், ‘எஞ்சின் எங்கிருந்து வந்தது’ என்ற கேள்விக்கு ஒரே தாளில் பதில் சொல்லிவிடலாம். பதிவை உயிரோடு விட்டுவைப்பதில் வேறோர் அபாயமும் உண்டு. பெயர் மாற்றாத வண்டியால் விபத்து நேர்ந்தால், இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் பெயருள்ளவரையே சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது.

இனி வண்டியின் உடம்புக்கு வருவோம். விற்பதற்கு முந்தைய வாரம் அடிப்பாகம் முழுவதும் கறுப்புப் பெயின்ட் அடிப்பது விற்பவருக்குச் சுத்தமாகத் தெரியும். விவரம் தெரிந்து வாங்க வருபவருக்கோ அதுவே முதல் சந்தேகம். டிராக்கில் ஓடிய வண்டியில் அவர் தேடி வருவது விரிசலைத்தான். சக்கரத்தைத் தாங்கும் விஷ்போன் என்ற கையின் பிராக்கெட் சட்டகத்தோடு சேரும் மூலை, ஸ்டீயரிங் ரேக் தாங்கி, டிஃபரென்ஷியல் மவுன்ட், சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடம் ஆகியவை ஒவ்வொரு பிரேக்கிலும் ஒவ்வொரு வளைவிலும் இழுபடுகிறவை. வெல்டிங் கோடு முடியும் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் தொடங்கினால், புதுப் பெயின்ட் அதைச் சில மாதங்கள் மூடி வைத்திருக்கும். அதற்குள் வண்டி கைமாறியிருக்கும். தெரிந்தே குறையை மறைத்து விற்பதை 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் மோசடி என்றே வகைப்படுத்துகிறது என்பதால், ‘உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது’ என்று எழுதி வாங்கிய கையெழுத்தும் அந்த இடத்தில் காப்பாற்றாது.

டெல்டாக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி பக்கத்திலேயே இருக்கிறது, அதைப் பயன்படுத்தாமல் விடுவதுதான் எனக்கு வியப்பு. திருச்சி பெல் நிறுவனத்தின் கொதிகலன் வேலைகளை நம்பி வளர்ந்த துவாக்குடிப் பக்கத்து ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில், டை பெனட்ரன்ட் சோதனை அன்றாட வேலை. பெயின்டைச் சுரண்டிச் சுத்தம் செய்த வெல்டிங்கின்மேல் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, சிறிது நேரம் ஊறவிட்டு, துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, வெள்ளை டெவலப்பரைத் தெளிப்பார்கள். சுண்ணாம்பு பூசியது போல வெளுத்த பரப்பில், விரிசல் இருந்தால் உள்ளே தங்கிய சாயம் கசிந்து மெல்லிய சிவப்புக் கோடாக எழும்பும். இல்லையென்றால் வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். முக்கியமான பத்துப் பன்னிரண்டு இணைப்புகளில் இதைச் செய்து, ஒவ்வொன்றையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கோடு தெரிந்த இடத்தைச் சரிசெய்து, முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் காட்டினால் விலை குறையாது. ‘இவர் தேடிப் பார்த்திருக்கிறார்’ என்ற எண்ணம் வாங்குபவருக்கு வந்துவிட்டால், பேரத்தின் தொனியே மாறிவிடும்.

வண்டி நின்ற இடத்தைப் பற்றி விற்பவர்கள் பேசுவதே இல்லை. ரைஸ்மில் குடோனிலோ வைக்கோல் போட்ட கொட்டகையிலோ ஒரு சம்பா பருவம் நின்ற வண்டியின் ஒயரிங்கை எலி விட்டுவைத்திருக்காது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒயர்க் கட்டை அவிழ்த்துப் பார்க்காமல் ‘எல்லாம் வேலை செய்கிறது’ என்று சொல்லக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இரும்புச் சட்டகத்தோடு அலுமினியத் தகடு ரிவெட்டால் சேரும் ஓரங்களில் வெள்ளைப் பொடி பூக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று அதை இன்னும் விரைவுபடுத்தும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் பொருள்: புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரமேறியதற்கு அந்தத் தரம் வைக்கும் வரம்பு 155 டிகிரிதான். டிராக்கில் அந்த வித்தியாசம் பிரேக் பெடல் தரையைத் தொடுவதில் போய் முடியும். எத்தனால் கலந்த பெட்ரோலும் மாதக்கணக்கில் நின்றால் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். ஆகவே டேங்கை வடித்து, பிரேக் ஆயிலை மாற்றி, மழை ஓய்ந்த தை, மாசியில் விற்பனைக்கு வைப்பதே நல்லது. மழைக்காலத்தில் வந்து பார்ப்பவரின் கண்ணில் ஷெட்டின் ஒழுகலும் வண்டிக் கணக்கில்தான் சேரும்.

பாதுகாப்புச் சாமான்களை ‘ரேஸ் தரம்’ என்ற ஒரே சொல்லில் அடக்குவதும் தவறு. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.-வின் தரச்சான்று பெற்ற பெல்ட்டுக்கு ஐந்தாண்டு ஆயுள்; பெல்ட்டில் தைத்திருக்கும் சீட்டில் கெடு ஆண்டு அச்சாகியிருக்கும். அதைக் கிட்டத்தில் படமெடுத்துப் போட வேண்டும், கெடு முடிந்திருந்தால் முடிந்தது என்றே எழுத வேண்டும். வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைவான ரோல் பார் என்ன குழாயால் ஆனது என்பதும் அவ்வாறே. எஃப்.ஐ.ஏ. விதிகள் முதன்மை வளைவுக்குத் தையலில்லாமல் இழுத்த குழாயைக் கேட்கின்றன. விட்டம் 45 மி.மீ. என்றால் தடிமன் 2.5 மி.மீ., 50 மி.மீ. என்றால் 2 மி.மீ. இருக்க வேண்டும். கடைத்தெருவில் கிடைக்கும், தகட்டைச் சுருட்டி விளிம்பை வெல்டிங் செய்த இ.ஆர்.டபிள்யூ. குழாயை வளைத்துக் குரோம் பூசியிருந்தால், அது கவிழும் வண்டியில் தலையைக் காக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதை ரோல் பார் என்று விற்பதைக் காட்டிலும், கழற்றிவிட்டு விலையைக் குறைப்பது நேர்மை. டயர் பக்கவாட்டில் உள்ள நான்கிலக்க எண்ணில் முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். மேற்பரப்பு தேயாமல் இருக்கிறது என்பதற்காகப் பழைய செமி ஸ்லிக் (பள்ளங்கள் குறைந்த பந்தய வகை) டயரைப் புதியதாகக் கணக்கிட முடியாது, ரப்பர் இறுகிப் போயிருக்கும்.

எடையைச் சொல்லும்போது ஒரு சின்னக் கவனம் வேண்டும். நெல் லாரிகளை நிறுக்கும் எடை மேடையில் வாங்கிய சீட்டு, மொத்த எடைக்குப் பரவாயில்லை. பெட்ரோலும் ஓட்டுநரும் சேர்ந்தா இல்லையா என்பதையும் எழுத வேண்டும். நான்கு சக்கரங்களிலும் தனித்தனித் தராசு வைத்து எடுத்த கணக்கு வேறு. கேம்பர் (சக்கரத்தின் சாய்வு), டோ (சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பிய அளவு), ஸ்பிரிங் அளவு, டயர் காற்றழுத்தம் ஆகியவற்றோடு அந்தக் கணக்கும் எழுதிய செட்டப் தாள் ஒன்று இருந்தால், வண்டியோடு சேர்த்துத் தர வேண்டிய மிக மதிப்புள்ள காகிதம் அதுதான். எஞ்சினுக்கு, சூடேறிய பின் நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் மீட்டர் தெரியும்படி ஒரே வீடியோவில் எடுத்துக்கொள்ளலாம். நான்கும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார்கள்.

விலையில் நடக்கும் தவறு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: போட்ட காசைக் கூட்டி விலை சொல்வது. மூன்று முறை மாற்றிக் கட்டிய எக்ஸாஸ்ட்டுக்கு வாங்குபவர் மூன்று முறை பணம் தர மாட்டார். சட்டகம், எஞ்சின், கியர்பாக்ஸ், சக்கரங்கள் ஆகியவற்றைத் தனித்தனியாக விற்றால் என்ன கிடைக்கும் என்று பார்த்து, அதற்கு மேல், ஓடுகிற நிலையில் இருப்பதற்காக எவ்வளவு கேட்கலாம் என்று யோசிப்பதே நடைமுறை. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவது போல ஊர்த் தரகரிடம் இதை ஒப்படைப்பதால் பயனில்லை. அவர் அந்த வண்டிக்குள் இருக்கும் மாருதிக்குத்தான் விலை சொல்வார்.

பெரிய கோயில் கோபுரத்தைப் பின்னணியாக வைத்தும், அறுவடைக்கு நிற்கும் வயலோரத்தில் நிறுத்தியும் எடுத்த படங்கள் அழகாகவே இருக்கும், ஒன்றிரண்டு போதும். தடத்தை ஒரு சுற்று சுற்றி வரும் லேப் நேரத்தை எழுதும்போது எந்தத் தடம், எந்த டயர் என்பதைச் சேர்க்காவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைத் தடத்தின் நீளம் 3.7 கி.மீ.; கோவை செட்டிப்பாளையத்தில், மறைந்த பந்தய ஓட்டுநர் கரிவரதன் பெயரில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயோ 2.1 கி.மீ.தான்.

ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று வாங்குபவர் கேட்பது நியாயம். விடியற்காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத தஞ்சைப் புறவழிச்சாலையில் ஒரு சுற்று என்று ஒப்புக்கொள்வது நியாயமில்லை. பதிவும் காப்பீடும் இல்லாத வண்டி அங்கே யார்மேலாவது மோதினால் இழப்பீடு முழுவதும் சொந்தப் பணத்திலிருந்து போகும். ஷெட்டில் ஸ்டார்ட் செய்து காட்டி, ஒரு டிராக் டேக்கு லாரியில் கொண்டுவருவதாகவும், அந்தச் செலவைப் பகிர்ந்துகொள்வதாகவும் பேசிக்கொள்ளலாம். தஞ்சாவூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், கோவை அதைவிடச் சற்றுக் குறைவு. அந்தச் செலவுக்குச் சம்மதிக்காதவர் வாங்கும் எண்ணத்தில் வந்தவரா என்பதே ஐயம்.

பணத்தை முழுதும் ரொக்கமாக வாங்கும் பழக்கம் டெல்டாவில் இன்னும் உண்டு. ஒரு பரிவர்த்தனையில் ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு. வங்கி வழியாகவே வாங்க வேண்டும். ஒப்பந்தத்தில் எஞ்சின் எண், சட்டகத்தில் அடையாளமாகப் பொறித்த எண், சாலையில் ஓட்டத் தகுதியற்றது என்ற வாசகம், தெரிந்த குறைகள், உடன் தரும் உதிரிப் பாகங்கள் ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். ஏற்றும்போது பட்டையைச் சக்கரங்களில்தான் கட்ட வேண்டும், விஷ்போனில் கட்டினால் ஒரு பள்ளத்திலேயே வளைந்துவிடும். வண்டியின் வயிறு தாழ்வாக இருப்பதால் சாய்பலகை நீளமாக இருக்க வேண்டும். கட்டிய நிலையில் நான்கு பக்கமும் படமெடுத்துவிட்டு, பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஒப்பந்தத்தின் நகல் ஒன்றையும் எஞ்சின் பில்லின் நகலையும் லாரி ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பினால், வழியில் சோதனைச் சாவடியில் நிறுத்தினாலும் காட்டுவதற்கு அவர் கையில் காகிதம் இருக்கும்.