டீசல் கெப் வாகனத்தில் எக்ஸோஸ்ட் பிரேக் பொருத்தும் முறை

கொழும்புக்குள் மட்டும் ஓடும் கெப் வாகனத்துக்கு, புகைக்குழாயை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸோஸ்ட் பிரேக் தேவையில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் மரக்கறி ஏற்றிக்கொண்டு றம்பொடை வழியாக இறங்குபவர்களுக்கே அது உண்மையில் உதவும். சாதாரண பிரேக், இறக்கத்தில் வாகனம் பெறும் சக்தி முழுவதையும் வெப்பமாக்கித் தானே தாங்குகிறது. டொட் 3 வகைப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போதே 205 பாகை செல்சியஸில் கொதித்துவிடும்; ஈரம் உறிஞ்சிய பழைய எண்ணெய் அதற்கு முன்னரே கொதித்து, குழாய்க்குள் ஆவி நிறைந்து, பெடல் தரை வரை இறங்கிவிடும்.

பெற்றோல் இயந்திரத்தில் எக்ஸிலறேற்றரை விட்டவுடன் காற்று வரும் வழி ஏறக்குறைய அடைபட்டு வேகம் குறையும். வழக்கமான டீசல் இயந்திரத்தில் அவ்வாறு அடைக்கும் தகடு இல்லாததால், காலை எடுத்த பின்னும் வாகனம் தாராளமாக ஓடிக்கொண்டிருக்கும். எக்ஸோஸ்ட் பிரேக் அந்த அடைப்பைப் புகைக்குழாயில் ஏற்படுத்துகிறது. இயந்திரத்துக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவுக்கு அப்பால் உள்ள வட்டத் தகடு மூடிக்கொள்ள, பிஸ்டன்கள் வெளியேற வழியற்ற காற்றை எதிர்த்துத் தள்ள வேண்டியிருப்பதால், அந்தச் சிரமம் கியர் வழியாகப் பின் சக்கரங்களைப் பிடித்து நிறுத்துகிறது.

இந்த விளக்கம் கையால் கியர் மாற்றும், 12 வோல்ட் மின்சாரமும் பழைய வகை டீசல் பம்பும் கொண்ட ஹைலக்ஸ், எல்200 போன்ற வாகனங்களுக்கானது. கணினி மூலம் எரிபொருளைச் செலுத்தும் கொமன் ரெயில் இயந்திரமோ புகை வடிகட்டியோ ஓட்டோ கியரோ உள்ள வாகனமாயின், அந்த மாதிரிக்கென்றே தயாரிக்கப்பட்ட தொகுதியைத் தவிர வேறெதையும் பொருத்த வேண்டாம்.

பொருள்களைத் தேட, கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையைவிட நல்ல இடம் இல்லை. பிரித்தெடுக்கப்பட்ட கென்டர், எல்ஃப் லொறிகளின் தகடு கொண்ட வால்வும், அதை வெற்றிடத்தால் இழுத்து இயக்கும் வெக்யூம் கிண்ணமும், அந்த வெக்யூமை மின்சாரத்தால் திறந்து மூடும் சொலனொயிட்டும் அங்கே ஒன்றாகவே கிடைக்கும். ஆனால் ஜப்பானிலிருந்து வந்த லொறிகள் பல 24 வோல்ட்டில் இயங்குபவை; அவற்றின் சொலனொயிட்டை 12 வோல்ட் கெப்பில் இணைத்தால் அது சரியாக இழுக்காது. இதை அறியாமல் வாங்கிய நான், ஒரு மாலை முழுவதும் வயரில்தான் பிழை என்று எண்ணித் தேடிக்கொண்டிருந்தேன். வால்வின் உள்விட்டம் உங்கள் புகைக்குழாயின் உள்விட்டத்துக்குப் பொருந்துகிறதா, அச்சு ஆடாமல் இலகுவாகச் சுழல்கிறதா என்றும் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வெக்யூம் இல்லாதபோது ஸ்பிரிங் தகட்டைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். அப்படித் திறக்காத வால்வை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

முதல் வேலை குழாயில். இயந்திரம் நன்றாக ஆறிய பின், சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜக்கை மட்டும் நம்பாமல் தாங்கிகளின் மேல் வாகனத்தை நிறுத்தி, பற்றரியைக் கழற்றுங்கள். டர்போவுக்கும் சைலன்சருக்கும் இடையே, எரிபொருள் குழாய், பிரேக் குழாய், வயர்கள் ஆகியவற்றிலிருந்து விலகிய ஓர் இடத்தைத் தெரிவுசெய்யுங்கள். வால்வின் நீளத்தோடு இரு கேஸ்கட்டுகளின் தடிப்பையும் கூட்டி அளந்து வெட்டி, இரு முனைகளிலும் போல்ட் போட்டு இணைக்கும் வளையத் தகடுகளான பிளேன்ஜ்களை முதலில் புள்ளி புள்ளியாக மட்டும் வெல்டிங் செய்து, நேராக இருப்பதை உறுதிசெய்த பின் வால்வைக் கழற்றிவிட்டு முழுமையாக வெல்டிங் செய்ய வேண்டும். பழக்கமில்லாதவர்கள் இதை வெல்டிங் கடையில் கொடுப்பதே நல்லது. வால்வுக்கு முன்பாக, டர்போ பக்கத்தில், குழாயில் துளையிட்டு அதன் மேல் ஒரு சிறிய நட்டையும் வெல்டிங் செய்து வையுங்கள். அழுத்தத்தை அளக்கும்போது அது தேவைப்படும். வால்வின் பாரம் டர்போவில் தொங்காதபடி தனியான பிடி ஒன்றும் வேண்டும்.

அடுத்தது வெக்யூம். பெரும்பாலான பழைய டீசல் வாகனங்களில் அல்டனேற்றரின் பின்புறத்தில் உள்ள பம்ப்தான் பெடலின் பலத்தைக் கூட்டும் பிரேக் பூஸ்டருக்கும் வெக்யூம் கொடுக்கிறது. அதே குழாயிலிருந்து சொலனொயிட் வழியாக வெக்யூம் கிண்ணத்துக்குக் கிளை எடுக்கும்போது, கிளையில் ஒருவழி வால்வு ஒன்றைக் கட்டாயம் பொருத்துங்கள். அதன் திசை, கிளையிலிருந்து பம்பை நோக்கி மட்டும் காற்றை விடுவதாக இருக்க வேண்டும். பூஸ்டருக்கு ஏற்கெனவே உள்ள ஒருவழி வால்வைக் கழற்றவோ, அதற்கும் பூஸ்டருக்கும் இடையில் கிளை எடுக்கவோ கூடாது. புதிதாகப் போட்ட குழாய் வெடித்தால் இருக்கிற பிரேக்கும் பலவீனமாகிவிடும் நிலைக்கு இடம் வைக்கக் கூடாது.

மின் இணைப்பில்தான் புதியவர்கள் அவசரப்படுகிறார்கள். தகடு மூடுவதைவிட, உரிய நேரத்தில் திறப்பதே முக்கியம். இயந்திரம் மெதுவாகச் சுழலும்போதும் மூடியே இருந்தால் அது நின்றுவிடக்கூடும், கியர் மாற்றும்போது மூடியிருந்தால் சுழற்சி சட்டென விழுந்துவிடும். ஆகவே சாவி போட்டால் மட்டும் மின் வரும் வயரிலிருந்து பியூஸ் வழியாக எடுத்து, டாஷ்போர்ட் சுவிச், கிளச் சுவிச், எக்ஸிலறேற்றர் சுவிச் ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, கடைசியில் சொலனொயிட்டுக்குக் கொண்டுசெல்லுங்கள். இரு பெடல்களிலும் கால் இல்லாதபோது மட்டுமே அந்தச் சுவிச்சுகள் மின்சாரத்தை விட வேண்டும். சொலனொயிட்டுக்குச் சமாந்தரமாக ஒரு சிறிய விளக்கை இணைத்தால் பிரேக் இயங்குவது கண்ணுக்குத் தெரியும். இயந்திரத்தை நிறுத்திய நிலையில் சாவியை மட்டும் போட்டு, ஒவ்வொரு பெடலாக மிதித்து, விளக்கு அணைகிறதா என்று பலமுறை சோதியுங்கள்.

இனி அழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். இதைத் தவிர்த்தால் இயந்திரமே பழுதடையக்கூடும். பின்னழுத்தம் அளவு கடந்தால், ஒரு சிலிண்டர் காற்றை உள்ளிழுக்கும் நேரத்தில் அதன் மூடிய எக்ஸோஸ்ட் வால்வைப் பின்புறமிருந்து தள்ளி, வால்வு ஸ்பிரிங்கை மீறித் திறந்துவிடும். தாங்கக்கூடிய எல்லை இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். அதை அந்த இயந்திரத்தின் பழுதுபார்ப்புக் கைந்நூலிலோ முகவரிடமோ கேட்டறியுங்கள், நண்பரின் வாகனத்துக்குப் பொருந்திய அளவை எடுக்காதீர்கள். முன்பு வெல்டிங் செய்த நட்டிலிருந்து சுருளாக வளைத்த செப்புக் குழாய் மூலம் 100 பிஎஸ்ஐ வரை காட்டும் மானியை இணைத்து, அதை அருகில் இருப்பவர் வாசிக்கும்படி வையுங்கள். நின்ற நிலையில் இதை அளக்க முடியாது, எக்ஸிலறேற்றரை மிதித்தவுடன் பிரேக் விலகிவிடும் அல்லவா? தகடு முழுதாக மூடாதபடி நிறுத்தத் திருகைத் தாராளமாக வைத்துத் தொடங்கி, வாகன நெரிசலற்ற அதிகாலையில் மூன்றாம் கியரில் ஓட்டி, காலை எடுத்து, அதிக சுழற்சியில் காட்டும் அளவைக் குறித்துக்கொண்டு, எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கும் வரை இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். பின்னர் மானியை அகற்றி, துளையைப் போல்ட்டால் இறுக்கமாக மூடுங்கள்.

உண்மையான சோதனைக்குக் கடுகண்ணாவை இறக்கம் வரை செல்ல வேண்டும். ஏறுவதற்குத் தேவையான கியரிலேயே இறங்குங்கள். கியர் உயர்ந்தால் சுழற்சி குறைந்து, இந்தப் பிரேக்கின் பலமும் குறையும். அது பின் சக்கரங்களை மட்டுமே பிடிப்பதால், சுமையில்லாத கெப் ஈரமான வளைவில் பின்புறமாக வழுக்கக்கூடும். மழையில் டாஷ்போர்ட் சுவிச்சை அணைத்து வையுங்கள். பின்னால் வருபவருக்கு உங்கள் பிரேக் விளக்கு எரியாது என்பதால், வேகம் குறையும்போது சாதாரண பெடலையும் இலேசாகத் தொடுவது நல்லது.

மாதத்துக்கு ஒருமுறையாவது, ஆறிய நிலையில் வால்வின் நெம்பை அசைத்துப் பாருங்கள். கரி படிந்து தகடு அரைகுறையாகத் திறந்தால் இழுவை குறைந்து கரும்புகை வரும். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கச் செல்லும்போது புகைப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும்.