இரு விமான நிலையங்களுக்கு இடையிலான தொலைவையும் பயண நேரத்தையும் கணக்கிடும் முறை
தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளந்தால் தொலைவு பிழையாகவே கிடைக்கும். உருண்டையான பூமியின் மேல் இரு நிலையங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய வளைவே, அதாவது பெருவட்டத் தொலைவே, கணக்கிற்கு உரியது. அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொண்டு பூமியின் மையத்தில் அவ்விரு இடங்களும் உண்டாக்கும் கோணத்தை ரேடியனில் (கோணத்தை அளக்கும் ஓர் அலகு; 180 பாகை என்பது சுமார் 3.1416 ரேடியன்) கண்டறிந்து, அதைப் பூமியின் சராசரி ஆரமான 6,371 கிலோமீட்டரால் பெருக்க வேண்டும். லண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க் ஜே.எஃப்.கே. நிலையத்துக்கும் இடையே இது சுமார் 5,540 கிலோமீட்டர். இதை மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்து, ஏறி இறங்குவதற்கு அரை மணி நேரம் கூட்டினால் ஏறத்தாழ ஆறே முக்கால் மணி நேரம் வரும். ஆயினும் வானில் மிக உயரத்தில் மேற்கிலிருந்து வேகமாக வீசும் ஜெட் காற்றோட்டம் எதிர்ப்படுவதால், நியூயார்க் செல்லும் பயணம் திரும்பி வருவதைவிட வழக்கமாக ஒரு மணி நேரம் வரை நீளும். பயணச்சீட்டில் இருக்கும் புறப்படும் நேரமும் சென்றுசேரும் நேரமும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரங்கள் (பலரும் இடறுவது இங்கேதான்). பயண நேரத்தைக் காண, இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு (UTC) மாற்றிய பிறகே ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும்.