பழைய லைட்டிங் சாஃப்ட்வேர், புது லேப்டாப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாசி பிறந்துவிட்டால் டெல்டாவில் லைட் செட்காரர்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. சிவராத்திரி நாட்டியாஞ்சலியில் தொடங்கி, திருவிழா, நாடகம், அரங்கேற்றம் என்று வைகாசி வரை ஓடும். பத்து வருடம் உழைத்த லேப்டாப் சரியாக அப்போதுதான் கண்ணை மூடும். அவசரமாகப் புதிது வாங்கி, பழைய சாஃப்ட்வேரை ஏற்றி, திரையில் ஃபேடர்கள் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்திகள்) தெரிந்ததும் ‘ஓடுகிறது’ என்று வண்டியில் வைத்துவிடுவோம். நானும் வைத்தவன்தான். திருவாரூர் பக்கம் ஒரு கோயில் மேடையில் ஃபேடர் ஏறியது, மேடைக்கு வெளிச்சம் அடிக்கும் பார் (PAR) லைட் ஒன்றுகூட எரியவில்லை.

ஃபேடருக்கும் விளக்குக்கும் நடுவில், லேப்டாப்பின் கட்டளையை விளக்குகளுக்கு அனுப்பும் சிறு கருவியான டாங்கிளும், அதை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவர் என்ற சாஃப்ட்வேரும் இருக்கின்றன. விண்டோஸ் 11 என்றாலே 64-பிட். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து 32-பிட் சாஃப்ட்வேர் அதில் பெரும்பாலும் திறந்துவிடும். அதே காலத்து 32-பிட் டிரைவர் ஏறவே ஏறாது. உடனே ரைட் கிளிக் செய்து கம்பாட்டிபிலிட்டி மோடு (பழைய விண்டோஸ்போல நடிக்கும் வசதி) போடுவோம். அது சாஃப்ட்வேரை மட்டும்தான் ஏமாற்றும், டிரைவரை ஒன்றும் செய்யாது. 64-பிட் டிரைவரே இருந்தாலும் அதில் டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். ஸ்டார்ட்-அப் மெனுவில் போய் அந்தச் சோதனையை அணைத்தால் அடுத்த ரீஸ்டார்ட் வரைதான் தாங்கும்; வீட்டில் எரிந்தது மேடையில் எரியாததற்கு இதுவும் ஒரு காரணம். எனவே முதலில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து டாங்கிள் பக்கத்தில், டிரைவர் கோளாறைக் காட்டும் மஞ்சள் ஆச்சரியக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். பேரலல் போர்ட் (பழைய பிரிண்டர் சொருகும் அகலமான துளை) டாங்கிள் வைத்திருப்பவர்கள் யுஎஸ்பி மாற்றிக் கேபிளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். அது பிரிண்டருக்கானது.

மலிவான டாங்கிளில் வேறொரு சிக்கல். 2014-இல் விண்டோஸ் அப்டேட்டோடு வந்த, யுஎஸ்பி சிப் தயாரிக்கும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் டிரைவர், அதன் பெயரில் வந்த போலி சிப்புகளை வேலை செய்யாமல் ஆக்கியது நினைவிருக்கலாம். நேற்று வரை ஓடிய டாங்கிள் அப்டேட்டுக்குப் பிறகு படுத்துவிட்டால் சிப் அசலா என்று சந்தேகப்படுங்கள்.

சிலர் புது லேப்டாப்புக்குள் விர்ச்சுவல் மெஷினில் (கம்ப்யூட்டருக்குள் ஒரு கற்பனைக் கம்ப்யூட்டர்) எக்ஸ்பியை வைத்து ஓட்டுகிறார்கள். விளக்குகளுக்குக் கட்டளை போகும் டிஎம்எக்ஸ் சிக்னல் வினாடிக்கு 2,50,000 பிட் வேகத்தில் போகிறது. 512 சேனலும் நிறைந்தால் வினாடிக்குச் சுமார் 44 முறை புதுப்பிக்கும். சொந்தமாகப் பிராசசர் இல்லாத டாங்கிளில் இந்தக் கணக்கையெல்லாம் கம்ப்யூட்டரே பார்க்க வேண்டும். நடுவில் இன்னொரு விண்டோஸ் வந்தால் தாளம் தப்பும். பார் லைட்டில் லேசாகத்தான் தெரியும், தலையைத் திருப்பும் மூவிங் ஹெட் விளக்கு வெட்டி வெட்டித் திரும்பும்.

அதிகம் பேர் தொலைப்பது, க்யூக்களை (எந்தக் கட்டத்தில் எந்த விளக்கு எப்படி எரிய வேண்டும் என்ற பதிவுகளை) வைத்திருக்கும் ஷோ ஃபைலைத்தான். பழைய சாஃப்ட்வேர்கள் பல, புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே சேமிக்கப் பார்க்கும். விஸ்டாவிலிருந்து விண்டோஸ் அதை அனுமதிக்காமல், சத்தமில்லாமல் யூசர் கணக்கின் ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்துக்குத் திருப்பிவிடும். புரோகிராம் ஃபைல்ஸை மட்டும் பென் டிரைவில் எடுத்து வந்தால் எப்போதோ போட்ட க்யூக்கள்தான் கிடைக்கும். எனக்குப் போன வருடத்துத் தீபாராதனை க்யூவே வரவில்லை, இரண்டு வருடம் முந்தைய நாடகத்தின் சிவப்பு வாஷ் (மேடை முழுக்கப் பரவும் வெளிச்சம்) வந்து நின்றது!

ஸ்லீப், யுஎஸ்பி செலெக்டிவ் சஸ்பெண்ட் (மின்சாரம் மிச்சப்படுத்த யுஎஸ்பி கருவிகளைத் தூங்கவைப்பது) இரண்டையும் அணையுங்கள், அப்டேட்டைத் தள்ளிப்போடுங்கள். மெலட்டூர் பாகவத மேளா மாதிரி விடிய விடிய நடக்கும் நிகழ்ச்சியில் இரண்டு மணிக்கு லேப்டாப் தூங்கினால் அதை எழுப்ப ஆள் வேண்டும்.

என்னைக் கேட்டால், பழைய சாஃப்ட்வேர்தான் வேண்டும் என்பவர்கள் பழைய லேப்டாப்பையே பழுது பார்த்து, இணையம் இல்லாமல் தனியாக வைத்துக்கொள்வது மேல். மாறுவதென்றால் க்யூஎல்சி பிளஸ் என்ற லைட்டிங் சாஃப்ட்வேர் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆனால் பழைய க்யூக்கள் தானாக வந்து உட்காராது, கையால்தான் எழுத வேண்டும். அதற்கு மேடை இல்லாத ஐப்பசி மழை நாட்கள் தோது. எந்த விளக்குக்கு எந்த டிஎம்எக்ஸ் முகவரி (தொடக்கச் சேனல் எண்) என்பதைப் பழைய லேப்டாப் உயிரோடு இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி, கேபிள் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவிடுங்கள்.