கால் அலைநீளச் செம்புப் பட்டை

டர்பனில் மின்பொறியியல் மூன்றாமாண்டுக்கு நுண்ணலைப் பாடம் எடுக்கிறேன். போன வருஷம் வரை மின்காந்த அலைகளுக்கு அடிப்படையான மேக்ஸ்வெல் சமன்பாட்டில் தொடங்கி, மின்மறுப்பை வட்டங்களில் குறிக்கும் வரைபடமான ஸ்மித் சார்ட்டில் போய் நிற்பேன். அதற்குள் பாதி வகுப்பு செல்போனில் மூழ்கியிருக்கும். அந்தப் போனே 2.4 கிகாஹெர்ட்ஸ் போன்ற நுண்ணலையில்தான் வைஃபை பிடிக்கிறது என்பது வேறு விஷயம்.

சரி, இரண்டாமாண்டு சர்க்யூட் லேபிலேயே ஒரு சோதனையை நுழைத்தேன். 1.6 மில்லிமீட்டர் தடிமன் எஃப்ஆர்4 (கண்ணாடியிழை) சர்க்யூட் போர்டு, நடுவே சிக்னல் போகும் 50 ஓம் பாதை, அதிலிருந்து கிளையாக 17 மில்லிமீட்டர் செம்புப் பட்டை. அதன் நுனி எதனோடும் சேராது.

"ஓப்பன் சர்க்யூட்தானே சார், என்ன ஆகிவிடும்?" என்றான் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிப் பையன் ஒருவன். ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எவ்வளவு சிக்னல் கடக்கிறது என்று காட்டும் கையடக்கக் கருவியான, 3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் நேனோவிஎன்ஏவில் பார்த்தால், 2.35 கிகாஹெர்ட்ஸ் அருகே சிக்னல் தடாலென்று பள்ளத்தில் விழுகிறது. பட்டையின் நீளம் அலைநீளத்தில் கால் பங்காகும் அதிர்வெண்ணில், திறந்த நுனி கிளை பிரியும் இடத்தில் ஷார்ட் போல, அதாவது பாதையை நேரே தரையோடு இணைத்ததுபோல, நடந்துகொள்ளும்.

ஆனால் என் கணக்குப்படி 2.45 அல்லவா வரவேண்டும்? எனக்கே வேர்த்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது: மின்புலம் நுனியைத் தாண்டியும் கொஞ்சம் பிதுங்கும், அதனால் பட்டை சற்று நீளமானதுபோல் நடந்துகொள்கிறது, பள்ளமும் குறைந்த அதிர்வெண்ணுக்குப் போகிறது. பிளேடால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் சீவினோம். பள்ளம் வலப்பக்கம், 2.45 பக்கமாக, நகர்ந்தது. பின்வரிசையும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தது.

கருவி பேட்டரியில் ஓடுவதால் நடுவில் கரண்ட் போனாலும் சோதனை நிற்காது. 1939இல் வெளிவந்த ஸ்மித் சார்ட்டை இப்போது இதற்குப் பிறகுதான் எடுக்கிறேன்.