ஸ்மால் ஃபோகஸா, லார்ஜ் ஃபோகஸா? எக்ஸ்ரே படம் கூர்மையாக வர

எக்ஸ்ரே படம் மங்கலாக வந்தால் பலரும் படத்தைப் பதிவுசெய்யும் டிடெக்டரைத்தான் முதலில் சந்தேகப்படுகிறார்கள். எக்ஸ்ரேயை உருவாக்கும் ட்யூபுக்குள் எலக்ட்ரான்கள் எவ்வளவு சின்ன இடத்தில் போய் விழுகின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த இடம்தான் ஃபோகல் ஸ்பாட்; அதைச் சின்னதாக வைப்பது ஸ்மால் ஃபோகஸ், பெரிதாக வைப்பது லார்ஜ் ஃபோகஸ்.

ட்யூபில் உள்ள ஃபிலமென்ட் என்ற மெல்லிய கம்பி சூடானதும் எலக்ட்ரான்கள் கிளம்பும். எல்லாமே எதிர்மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விரியப் பார்க்கும். ஃபிலமென்ட்டைச் சுற்றியுள்ள ஃபோகசிங் கப்புக்கும் எதிர்மின்னழுத்தம்தான், அதனால் அது அவற்றை உள்பக்கமாக நெருக்கி, எதிரே உள்ள உலோக இலக்கான ஆனோடில் ஒரு சின்னப் பட்டையாக விழவைக்கிறது. ஆனோடு முகம் சாய்ந்திருப்பதும் கைகொடுக்கிறது: சாய்வு 12 டிகிரி என்றால், 6 மி.மீ. நீளப் பட்டை நோயாளி இருக்கும் பக்கத்திலிருந்து ஏறக்குறைய 1.2 மி.மீ. ஆகத்தான் தெரியும்.

சரி, எதை எப்போது போடுவது? கை, கணுக்கால் போல மெல்லிய, ஆடாமல் வைக்கக்கூடிய பகுதிக்கு ஸ்மால் (பெரும்பாலும் 0.6 மி.மீ.). மார்பு, வயிறு, அடங்காத குழந்தை என்றால் தயங்காமல் லார்ஜ் (1.2 மி.மீ.) போடுங்கள். ஸ்மாலில் எம்ஏ (ட்யூபில் ஓடும் மின்னோட்டம்) அதிகம் ஏற்ற முடியாது, ஏனென்றால் வெப்பம் முழுவதும் சின்ன இடத்தில் இறங்கும். எம்ஏவைக் குறைத்தால் நேரம் நீளும், நேரம் நீண்டால் அசைவே படத்தைக் கெடுத்துவிடும்.

ஃபோகஸை மாற்றுவதற்கு முன் தூரத்தைப் பாருங்கள், என் பார்வையில் அதுதான் பெரிய விஷயம். ஃபோகல் ஸ்பாட்டிலிருந்து டிடெக்டர் 100 செ.மீ. தள்ளி இருக்கிறது, எலும்பு அதிலிருந்து 10 செ.மீ. மேலே இருக்கிறது என்றால், 1.2 ஃபோகஸில் விளிம்பு மங்கல் 0.13 மி.மீ. ஸ்மாலுக்கு மாறினால் அது பாதியாகும். லார்ஜிலேயே எலும்பை 2 செ.மீ. வரை நெருக்கிவிட்டால் 0.024 தான்!

இன்னொன்று, எம்ஏ அதிகமாகி கேவி (ட்யூபுக்குக் கொடுக்கும் மின்னழுத்தம்) குறைவாக இருந்தால் ஃபோகல் ஸ்பாட் வீங்கும். எலக்ட்ரான்கள் கூட்டமாகவும் மெதுவாகவும் போவதால் கப்பின் பிடி தளர்ந்துவிடுகிறது. இதைக் கண்ணால் பார்க்க ஸ்டார் பேட்டர்ன் (நட்சத்திரம் போல ஈயக் கோடுகள் விரியும் சோதனைத் தகடு) போதும்: கேவியை மாற்றாமல், குறைந்த எம்ஏவில் ஒன்று, அதிக எம்ஏவில் ஒன்று என்று இரண்டு படம் எடுத்து, நடுவில் ஈயக் கோடுகள் கலங்கித் தெரியும் வட்டத்தை இரண்டிலும் அளந்து பாருங்கள். அப்புறம், அளவு லேபிளோடு ஒத்துப்போகவில்லையே என்று பதறவேண்டாம், 0.6 என்று போட்ட ஃபோகல் ஸ்பாட்டின் அகலம் 0.9 மி.மீ. வரை இருக்க தரவிதியே இடம் தருகிறது.