முதல் சிறுகதைத் தொகுப்பு: எழுதுவதிலிருந்து நூறு பிரதி விற்பது வரை

என் முதல் தொகுப்பை 500 பிரதி அச்சடித்தேன். நான்கு வருடம் கழித்து வீடு மாறும்போது எண்ணிப் பார்த்தால் 340 கட்டிலுக்கடியில் இருந்தன. அடிக்கட்டுகளைக் கரையான் பொறுமையாக வாசித்து முடித்திருந்தது. இரண்டாவது தொகுப்புக்கு 100 பிரதிதான் போட்டேன். தீர்ந்ததும் இன்னொரு 100. இடையில் நான் பெரிய எழுத்தாளராகிவிடவில்லை. எந்த வேலையை எப்போது செய்வது என்ற வரிசை மட்டும்தான் மாறியது. முதல் தொகுப்புக்குத் தயாராகிறவர்களுக்காக அந்த வரிசையை எழுதுகிறேன்.

படி 1: சம்பவத்தைக் கதையாக்குங்கள்

புதிதாக எழுதுகிறவர்களிடம் சம்பவங்களுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் பெரும்பாலும் அதோடு நின்றுவிடுகிறார்கள். ஓர் உதாரணத்தைக் கடைசிவரை கொண்டுபோவோம்.

தென்காசிப் பக்கம் ஒரு ரேஷன் கடை. வருடக்கணக்காகப் பீடி சுற்றிய ஒரு பெண்ணுக்கு விரல்ரேகை தேய்ந்துவிட்டது. மெஷினில் எத்தனை முறை வைத்தாலும் விழவில்லை, பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. இது சம்பவம். ஐயோ பாவம் என்று தோன்றும், அடுத்த நிமிடம் மறந்துபோகும்.

இதோடு ஒரு கேள்வியைச் சேருங்கள்: இந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும், அதைக் கேட்கவிடாமல் எது தடுக்கிறது? அட்டையில் பெயர் உள்ள யார் வேண்டுமானாலும் வந்து விரல் வைக்கலாம். இவர் அட்டையில் இருக்கும் இன்னொரு பெயர் மகளுடையது. சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போனவள். “எனக்கு மகளே கிடையாது” என்று தெரு முழுக்கக் கேட்கும்படி தாய் சொன்னது ஆறு மாதத்துக்கு முன்னால். இப்போது அந்த மகள், புகுந்த வீட்டு அட்டையில் சேர்வதற்காக இங்கே பெயரை நீக்கித் தரச் சொல்லி வருகிறாள். நீக்கினால் அரிசி வாங்க விரல் இல்லை. நீக்க மாட்டேன் என்றால், வாயால் வெட்டிய உறவைக் கையால் பிடித்து வைத்திருப்பதாக ஆகிவிடும்.

இங்கேதான் கதை பிறக்கிறது. கவனியுங்கள், மெஷின் பிரச்சினை அப்படியே இருக்கிறது. ஆனால் கதை மெஷினைப் பற்றியது இல்லை.

எழுத உட்காருவதற்கு முன் ஒரு ரேஷன் கடையில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். ரேகை விழாதவர்களுக்கு வேறு என்ன வழி இருக்கிறது என்று சேல்ஸ்மேனிடம் கேளுங்கள். ஏதாவது ஒரு வழி நிச்சயம் இருக்கும். உங்கள் பாத்திரம் அதை ஏன் எடுக்கவில்லை என்பதற்குக் கதைக்குள் பதில் வேண்டும். இல்லாவிட்டால், விஷயம் தெரிந்த வாசகர் அந்த இடத்திலேயே கதையை விட்டு இறங்கிவிடுவார்.

படி 2: முதல் வரைவு, தாமதமாகத் தொடங்குங்கள்

பயிற்சிக் கதைகளில் பாதி, “காலைக் கதிரவன் தன் பொற்கிரணங்களை…” என்றோ அலாரம் அடித்தோ தொடங்கும். அந்த முதல் பக்கத்தைக் கிழித்துப் போட்டால் கதைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு முத்துலெட்சுமி என்று பெயர் வைப்போம். அவள் எப்படிப் பீடி சுற்ற வந்தாள், புருஷன் எப்போது செத்தான் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். கதை இப்படித் தொடங்கலாம்:

“மூணாவது தடவையும் மெஷின் கூவியது. முத்துலெட்சுமி கட்டைவிரலைச் சேலையில் துடைத்துவிட்டு, அது வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்தாள்.”

இடம், சிக்கல், அவள் சுபாவம் எல்லாம் இரண்டு வரிக்குள் வந்துவிட்டன. மீதி, தேவைப்படும்போது சொல்லிக்கொள்ளலாம்.

பேச்சு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வட்டார வழக்கு என்றால் ஒவ்வொரு சொல்லையும் உடைத்து எழுதுவது என்று நினைத்துவிடாதீர்கள். தாய் மகளை “ஏட்டி” என்று கூப்பிடுவதும், மகள் “எம்மா” என்பதும், யார் யாரிடம் பன்மையில் பேசுகிறார்கள் என்பதுமே ஊரைக் காட்டிவிடும். இதைவிட முக்கியம், மனதில் இருப்பதை அப்படியே பேசவிடாதது. “உன் விரல் எனக்கு வேணும்” என்று முத்துலெட்சுமி சொன்னால் கதை அங்கேயே முடிந்துவிடும். “சாப்ட்டியா?” என்று கேட்கட்டும். “ஆச்சு” என்று மகள் பொய் சொல்லட்டும்.

முடிவை எழுதிய பிறகு கடைசிப் பத்தியை விரலால் மறைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். பத்துக்கு ஏழு கதைகளில் அதற்கு முந்தைய பத்தியிலேயே கதை முடிந்திருக்கும். மறைத்தது, நீங்கள் வாசகரை நம்பாமல் எழுதிய விளக்கம்.

படி 3: ஆறப் போடுங்கள், சத்தமாக வாசியுங்கள்

குறைந்தது மூன்று வாரம் அந்தக் கோப்பைத் திறக்கவே வேண்டாம். பிறகு செல்போனில் குரல் பதிவு போட்டுக்கொண்டு முழுக் கதையையும் சத்தமாக வாசியுங்கள். நாக்கு தட்டுகிற இடங்களையும், உங்களுக்கே சலித்து வேகமாக ஓடுகிற இடங்களையும் குறித்துக்கொண்டால் திருத்த வேண்டிய பட்டியல் கையில் இருக்கும்.

அடுத்து இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் நிறைய வாசிக்கிறவராக இருக்கட்டும், இன்னொருவர் கதையில் வரும் வாழ்க்கையைத் தெரிந்தவராக இருக்கட்டும். “நல்லா இருக்கா?” என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். “எங்கே போனை எடுத்துப் பார்த்தீங்க?” என்று கேளுங்கள்.

படி 4: புத்தகத்துக்கு முன் இதழ்கள்

முதல் தொகுப்பில் நான் தாண்டிக் குதித்த படி இது. வார இதழ்கள், கணையாழி, காலச்சுவடு, உயிர்மை போன்ற அச்சிதழ்கள், சொல்வனம் போன்ற இணைய இதழ்கள் என்று அனுப்ப இடங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு இதழையும் இரண்டு மூன்று மாதம் வாசித்துவிட்டு அனுப்புங்கள். ஒரே கதையை ஒரே நேரத்தில் நாலு இடத்துக்கு அனுப்பினால் என்றாவது ஒருநாள் இரண்டு இடத்தில் வந்து, இரண்டு ஆசிரியர்களையும் பகைத்துக்கொள்வீர்கள். ஒரு தாளில் கதை, அனுப்பிய தேதி, பதில் என்று மூன்று நெடுவரிசை போட்டு வையுங்கள்.

கதை பிரசுரமானதும் யாராவது மின்னஞ்சல் அனுப்புவார், யாராவது முகநூலில் இரண்டு வரி எழுதுவார். அந்தப் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் அந்த நோட்டு தேவைப்படும்.

படி 5: பதிப்பகமா, சொந்தமாகவா?

பன்னிரண்டு கதை சேர்ந்ததும் எட்டை எடுங்கள். விடுகிற நாலில் உங்களுக்கு மிகவும் பிடித்த ஒன்று கட்டாயம் இருக்கும். வேறு வழியில்லை.

பதிப்பகத்துக்குக் கொடுத்தால் ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, எழுதியவருக்கு உரிமை தானாகவே உண்டு, பதிவு செய்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. அது உங்கள் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். உரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. “அனைத்து உரிமைகளும்” என்று ஒரு வரி இருந்தால் அங்கே நின்று கேளுங்கள்: மின்னூல்? மொழிபெயர்ப்பு? திரைப்படம்? ஒலிநூல்? அச்சுப் பதிப்புக்கு மட்டும் கொடுப்பதே நல்லது.

உங்களிடமே பணம் வாங்கிக்கொண்டு போடுகிறவர்களை நான் பதிப்பகம் என்று சொல்வதில்லை. அது அச்சக வேலை. தவறில்லை, ஆனால் அப்போது எத்தனை பிரதி அச்சானது, மீதி எங்கே இருக்கிறது என்று கேட்கும் உரிமை உங்களுடையது. என் முதல் புத்தகத்தில் அதை நான் கேட்கவில்லை.

படி 6: பக்கம் கட்டுவதும் மெய்ப்பும்

டெம்மி என்கிற வழக்கமான கதைப்புத்தக அளவில் 11 புள்ளி எழுத்தில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 200 சொல் பிடிக்கும். எட்டுக் கதை சேர்ந்து 18,000 சொல் என்றால் ஏறக்குறைய 90 பக்கம், முன்பக்கங்களையும் முன்னுரையையும் சேர்த்தால் நூறு சொச்சம். ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் ஒரு ஃபாரம் 16 பக்கம் என்பதால் 112-இல் கொண்டுவந்து நிறுத்துவார்கள். உள்ளே 70 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாள், இளமஞ்சள் சாயலில் கேளுங்கள், கண்ணுக்கு இதம். அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் போதும்.

உண்மையான தலைவலி எழுத்துரு. நாம் யூனிகோடில் தட்டச்சுகிறோம், பல டிடிபி நிலையங்களில் இன்னும் பழைய எழுத்துருக்களுக்கு மாற்றித்தான் பக்கம் கட்டுகிறார்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாகும். என் கதையில் ஆங்கில எழுத்தில் விட்டிருந்த இரண்டு சொற்கள் அர்த்தமே இல்லாத தமிழாக அச்சாகிவிட்டன. ஒரு வாசகர் அதை ஏதோ புதுப் பரிசோதனை என்று பாராட்டி எழுதியிருந்தார். ஆகவே, “யூனிகோடிலேயே இன்டிசைனில் கட்டுவீங்களா?” என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

எழுத்துரு மாற்றிய பிறகு வரும் பிரதியில் மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை திருத்துவது) பாருங்கள், உங்கள் கோப்பில் அல்ல. திரையில் ஒருமுறை, தாளில் ஒருமுறை. ஒற்றுப்பிழைக்கு மட்டும் தனியாக ஒரு சுற்று. அதையும் வேறு ஒருவர் பார்த்தால் உத்தமம், சொந்தப் பிழை கண்ணில் படாது.

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையம் வழியாகக் கட்டணமில்லாமல் தருகிறது. இதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். எண் வரச் சில நாள் பிடிக்கலாம், அட்டை தயாராவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். புத்தகம் வந்ததும் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உட்படக் குறிப்பிட்ட நூலகங்களுக்குப் பிரதி அனுப்புவது வெளியிடுகிறவர் பொறுப்பு. சொந்த வெளியீடு என்றால் அது நீங்கள்தான்.

படி 7: எத்தனை பிரதி?

இப்போது அந்த நோட்டை எடுங்கள். நாலாம் படியில் சேர்ந்த பெயர்கள், கல்லூரி நண்பர்கள், அலுவலகத்தில் வாசிக்கிறவர்கள் எல்லோரையும் பெயர் பெயராக எழுதுங்கள். “எங்க சாதிசனம் மட்டுமே இருநூறு பேர்” என்று கணக்குப் போடாதீர்கள். சித்தப்பா காசு கொடுத்து வாங்குவாரா, ஓசியில் எதிர்பார்ப்பாரா என்பது உங்களுக்கே தெரியும். பட்டியலில் 70 பெயர் தேறினால் 100 பிரதி போடுங்கள். டிஜிட்டல் அச்சில் இது நடக்கிற காரியம். பிரதிக்கான செலவு, மொத்தமாக அடிக்கும் ஆஃப்செட்டைவிடக் கூடும்தான், ஆனால் கரையானுக்குப் பங்கு போகாது.

விலைக்கு ஒரு மாதிரிக் கணக்கு. பிரதிக்கு 70 ரூபாய் ஆகிறது, விலை 150 என்று வையுங்கள். கடைக்கு 35 சதவீதம் கழிவு கொடுத்தால் கையில் வருவது 97.50, நிற்பது 27.50. முப்பது பிரதியை அன்பளிப்பாகக் கொடுத்தால் செலவு 2,100. அதைக் கடை விற்பனையிலேயே மீட்க 77 பிரதி போக வேண்டும். 100 பிரதியில் மீதி இருப்பதே எழுபதுதான்! இதையே நேரில் 10 சதவீதத் தள்ளுபடியில் விற்றால் பிரதிக்கு 65 ரூபாய் நிற்கும், 33 பிரதியில் கணக்கு நேராகிவிடும். முதல் நூறை நேரில் விற்கச் சொல்வது இதனால்தான்.

படி 8: விற்பது

வெளியீட்டு விழாவுக்கு மண்டபம், பொன்னாடை, பேனர் என்று அச்சுச் செலவுக்கு மேல் இழுத்துவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு நூலகத்து அறையில் இருபது பேரை உட்காரவைத்து, முன்கூட்டியே பிரதி வாங்கி வாசித்துவிட்ட மூன்று பேரைப் பேசவையுங்கள். அவர்களிடம் பாராட்டு கேட்காதீர்கள், பிடிக்காத கதை எது என்றும் சொல்லச் சொல்லுங்கள். கேட்கிறவர்களுக்கு வாங்கிப் பார்க்கத் தோன்றும்.

முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் அட்டைப்படத்தைத் தினமும் போட்டால் நாலாவது நாள் ‘மியூட்’ செய்துவிடுவார்கள். அட்டைக்குப் பதில் ஒரு பத்தியைப் போடுங்கள். முத்துலெட்சுமி விரலைத் துடைக்கிற அந்த இரண்டு வரி போதும். கீழே விலை, அஞ்சல் செலவு, பணம் அனுப்ப வேண்டிய எண். “தேவைப்படுவோர் உள்பெட்டிக்கு வரவும்” என்று எழுதினால் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி நடக்கிறது. அதற்குப் புத்தகம் வர வேண்டுமானால் அக்டோபரிலேயே அச்சுக்குப் போக வேண்டும், டிசம்பரில் அச்சகங்கள் நெருக்கியடிக்கும். தனிக் கடை எடுப்பது நமக்குக் கட்டுப்படியாகாது. ஏதாவது ஒரு கடையில் பத்துப் பிரதி வைக்கக் கேளுங்கள், கொடுத்த எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஜனவரிக் கூட்டத்தில் புதுப்பெயர் அமுங்கிப்போவது சகஜம். எனக்கு மாவட்டப் புத்தகத் திருவிழாக்களே கைகொடுத்தன.

அமேசானின் கிண்டிலில் தமிழ் மின்னூலை நாமே ஏற்றலாம். கேடிபி செலக்ட் என்ற அவர்கள் திட்டத்தில் சேர்த்தால் 90 நாளுக்கு ஐந்து நாள் இலவசமாகக் கொடுக்கலாம், ஆனால் அந்தக் காலத்தில் அதே உள்ளடக்கம் மின்வடிவில் வேறெங்கும் இருக்கக் கூடாது. இணைய இதழில் ஏற்கெனவே வந்த கதை தொகுப்பில் இருந்தால் அங்கே சிக்கல். விதியை வாசிக்காமல் அந்தப் பெட்டியில் டிக் போடாதீர்கள்.

ஒவ்வொரு பிரதி போகும்போதும் நோட்டில் தேதி, பெயர், ஊர், எப்படித் தெரிந்து வாங்கினார் என்று எழுதுங்கள். எண்பது தாண்டியதும் அடுத்த நூறுக்குச் சொல்லுமுன், வாசகர்கள் சுட்டிக்காட்டிய பிழைகளைத் திருத்திய புதிய பிடிஎஃப்பை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, பழைய கோப்பை அழிக்கச் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. என் இரண்டாம் அச்சிலும் 43-ஆம் பக்கத்தில் செத்துப்போன மாமனார் 51-ஆம் பக்கத்தில் காபி கேட்கிறார்.